வெளிச்சத்தை ஆராய்கிறவருக்கு எதற்கு இருட்டு?

"இன்னும் படிச்சு முடிக்கலையா?"

பிஎச்.டி படிக்கிற பிள்ளை லீவுக்கு வந்து குஜிலியம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் வரும் கேள்வி இதுதான். வேலை, கல்யாணம் எல்லாம் அதற்கப்புறம். அதுவும் ஒளிவேதியியல் என்றால் போச்சு! வெளிச்சம் பட்டால் ஒரு பொருளில் என்ன வேதிமாற்றம் நடக்கிறது என்று பார்க்கிற படிப்பு என்று விளக்கினால், "நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம், அதுக்கு எதுக்குப்பா அஞ்சு வருஷம்?" என்பார்கள்.

கேள்வி நியாயம்தான். பதில் சொல்ல டோக்கியோ வரை போக வேண்டும்.

1967ல் அகிரா ஃபுஜிஷிமா அங்கே கெனிச்சி ஹோண்டா என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர். வயது 25. டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தைத் (வீட்டுக்கு அடிக்கிற வெள்ளை பெயின்ட்டில் இருக்கிற அதே சரக்கு) தண்ணீருக்குள் வைத்து பலமான வெளிச்சம் அடித்தார். குமிழ் குமிழாக ஆக்சிஜன் வந்தது. அதோடு கம்பியால் இணைத்திருந்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜன். வெறும் வெளிச்சத்தால் தண்ணீர் பிரிகிறது!

உடனே மாலை போட்டார்களா? இல்லை. ஜப்பானிலேயே பெரியவர்கள் நம்பவில்லை. 1971ல் டாக்டர் பட்டம் வந்தது, 1972ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. 1973ல் பெட்ரோல் நெருக்கடி வந்த பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 1974 புத்தாண்டு அன்று 'அசாஹி' பத்திரிகையில் முதல் பக்கச் செய்தி. குமிழைப் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அதே வெள்ளைப் பொடியை வைத்து இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ ஆய்வுகள் நடக்கின்றன, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய. காரணம் சொல்லவே வேண்டாம். குஜிலியம்பாறையிலிருந்து வடக்கே போனால் கரூர், அமராவதி ஆறு. அந்தப் பக்கம் திருப்பூர், நொய்யல். 2011ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும்.

சாயத்தில் பொடியைப் போட்டு வெயிலில் வைத்தால் நிறம் போய்விடுகிறது. ஆராய்ச்சி முடிந்ததா? இங்கேதான் பிள்ளைக்குத் தலைவலி ஆரம்பம். சாயம் சிதைந்ததா, இல்லை பொடியில் போய் ஒட்டிக்கொண்டதா? இதைப் பிரித்துச் சொல்ல, முதலில் இருட்டில் வைத்துக் கலக்கி அளக்க வேண்டும். பிறகு பொடியே போடாமல் வெறும் சாயத்தை வெளிச்சத்தில் வைத்து அளக்க வேண்டும், ஏனென்றால் சில சாயங்கள் தானாகவே வெளுக்கும். நிறம் போன பிறகும் நிறமில்லாத கழிவு மிச்சம் இருக்கலாம், அதையும் தேட வேண்டும். சாயக்கழிவில் இருக்கிற உப்பை இந்தப் பொடி தொடக்கூட செய்யாது. போதாக்குறைக்கு, டைட்டானியம் டை ஆக்சைடுக்கு வேண்டியது புற ஊதா ஒளி. நம்ம வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. அஞ்சு வருஷம் எங்கே போகிறது என்றால் இங்கேதான் போகிறது, அலுமினியத் தாள் சுற்றின குடுவைக்குப் பக்கத்தில்.

இந்த இருட்டுப் பரிசோதனையில் அவசரப்பட்டால் வரைபடம் அழகாக வரும். கட்டுரையும் சீக்கிரம் வரும். ஆனால் அமராவதிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரை கட்டாயம் என்று 2016ல் யுஜிசி வைத்த விதி அந்த அவசரத்தைத்தான் வளர்த்தது. 2022 நவம்பரில் அதை எடுத்தது ரொம்ப நல்ல காரியம்.

ஆனால் பாதிதான். தேர்வில் ஜேஆர்எஃப் வாங்கினவருக்கு 2023ல் மாத உதவித்தொகை 37,000 ரூபாய் ஆனது. அது கிடைக்காதவர் பலர் கடன், டியூஷன், வீட்டுப் பணம் என்றுதான் ஓட்டுகிறார்கள். குடுவை இருட்டில் இருக்கிற நேரத்துக்கும் ஹாஸ்டல் பில் வருகிறது. சீக்கிரம் முடி என்று அவரை விரட்டுவது பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்கிற அந்தக் கேள்வி மட்டும் இல்லை.