சனி மங்கலாத் தெரியுதா? டெலஸ்கோப்பை விக்கிறதுக்கு முன்னாடி…

ஆசையா வாங்கிய நியூட்டோனியன் டெலஸ்கோப்பில் சனியின் வளையம் பிசிறடித்தால், பலரும் உடனே தேடுவது அதைவிடப் பெரிய மாடலைத்தான். அவசரம் வேண்டாம். பல நேரம் குறை, உள்ளே இருக்கும் கண்ணாடிகள் நேராக நிற்காததுதான். அதைச் சரிசெய்வதற்குப் பெயர் கொலிமேஷன். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, ஃபோகஸை லேசாகக் கலைத்தால் வட்டத்துக்குள் வட்டம் தெரியும். வட்டங்கள் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால், குழாயின் அடியில் உள்ள ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்கணும்.

வெளிநாட்டு வீடியோக்கள் இதற்குத் துருவ நட்சத்திரத்தைக் கைகாட்டும். அது நகராதே! லண்டனில் சரி, அங்கே அது 51 டிகிரி உயரம். சேலம், நாமக்கல்லில் வெறும் 11, 12 டிகிரிதான். அவ்வளவு தாழ்வில் தூசியும் காற்றின் நடுக்கமும் சேர்ந்து நட்சத்திரத்தையே ஆட்டிவிடும். ஜனவரி தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு ரோகிணி, ஜூன் தொடக்கத்தில் சுவாதி: இரண்டும் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். நகர்ந்துகொண்டே இருக்கும்தான், பொறுத்துக்கலாம்.

மொட்டை மாடியும் ஒரு வில்லன். பகல் வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரியிலும் அனலடிக்கும். 2.34 மீட்டர் கண்ணாடி வைத்திருக்கும் காவலூர் ஆய்வகமே ஜவ்வாது மலைக்காட்டுக்குள்தானே இருக்கிறது? மண் வாசல் இருந்தால் ஸ்டாண்டை அங்கே போட்டு, குழாயை அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் சனியைப் பாருங்க.