பச்சை அடித்தால் பட்டாளமாகிவிடுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒடுகத்தூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய சத்தத்தோடு ஒரு ஜீப் வந்து நின்றது. உடம்பெல்லாம் மிலிட்டரி பச்சை. பானெட்டில் வெள்ளை நட்சத்திரம். முன் பம்பரில் மேல்நோக்கிய அம்புக்குறி போட்டு ஏதோ ஒரு எண். உள்ளேயிருந்து இறங்கியது என் தங்கையின் பேரன். பெங்களூரில் வேலை செய்கிறான்.

"எப்படி இருக்கு தாத்தா? ஒரிஜினல் வில்லீஸ். 1944 மாடல், வேர்ல்டு வார் வண்டி. ஆறரை லட்சம்" என்றான்.

நான் எழுந்துபோய் முன்பக்கத் தகட்டில் இருந்த நீளத் துளைகளை எண்ணினேன். ஏழு இருந்தன. போர்க்கால வில்லீஸுக்கு ஒன்பது. போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு விற்ற ஜீப்புக்குத்தான் ஏழு. பானெட்டின் பக்கவாட்டில் வெட்டி ஒட்டிய வெல்டிங் தடம் பெயின்டுக்கு அடியிலேயே தெரிந்தது. ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மகிந்திரா, டீசல், 1980களில் செய்த வண்டி.

"பேப்பரெல்லாம் யாரு தாத்தா பாக்கப் போறாங்க?" என்று சிரித்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் பேப்பரை மட்டுமே பார்த்துச் சம்பளம் வாங்கியவனிடம் இப்படிச் சொல்லலாமா? அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நட்சத்திரம். அது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை தன் வண்டிகளில் போட்டுக்கொண்ட அடையாளம். நம் ராணுவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அம்புக்குறியோ நம் ராணுவத்தின் பதிவு எண்ணுக்கு உரியது. அமெரிக்க நட்சத்திரத்தையும் இந்திய அம்பையும் ஒரே வண்டியில் ஒட்டினால் எந்தப் பட்டாளம் அது? நம் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அத்தனை பேர் அங்கிருந்து படைக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஊர்த் தெருவில் இந்த வண்டியை ஓட்டிப்போக இவனுக்குத் தைரியம் உண்டா?

அடுத்தது சட்டம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறை தவிர வேறு யார் வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரித்த நிறுவனம் கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உண்மையாகவே ராணுவம் கழித்த வண்டி என்றால், பதிவு செய்யும்போது அதிகாரிகள் கொடுத்த விற்பனைச் சான்று, படிவம் 21, வைத்திருக்க வேண்டும். அதுதான் அந்த வண்டியின் ஜாதகம். அது இல்லாமல் "ஆர்மி ஏலத்துல எடுத்தது" என்று யார் சொன்னாலும், அது வாய்வார்த்தைதான்.

சரி, இதில் பொய் எதற்கு? உள்ளதே பெருமைப்படும்படி இருக்கிறதே. 1940இல் அமெரிக்காவின் பாண்டம் என்ற சின்ன கம்பெனி முதல் மாதிரியைச் செய்தது. பிறகு வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. 1947இல் மகிந்திரா இங்கே ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பின்னால் வந்த சிஜே3பி ஜீப்புக்கு பானெட் உயரமாக இருக்கும். உள்ளே வைத்த புது இன்ஜின் உயரம் அதிகம் என்பதுதான் காரணம். இன்று அந்த உயரத்தைத்தான் வெட்டி, 'போர் ஜீப்' ஆக்குகிறார்கள். எம்எம்540 ஜீப்பில் இருந்தது பிரெஞ்சு டீசல் இன்ஜின். மெக்கானிக் அதை 'பியூஜாட்' என்பார். பிரெஞ்சு வழியில் படித்த என் நாக்கு 'பெழோ' என்றுதான் சொல்லும். ராணுவத்துக்கே உரிய வண்டி வேண்டுமென்றால் ஜோங்கா இருக்கிறது: நிசான் வண்டியை மாதிரியாக வைத்து 1969 முதல் 1999 வரை ஜபல்பூர் தொழிற்சாலையில் செய்தது.

"அவனவன் காசு, அவனவன் ஆசை, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மலைவண்டி டிரைவர் ஒருவர் எழுந்துவந்து, டேஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம வண்டிதான் சார். பீஞ்சமந்தைக்கு ஓடினது. இந்தப் பட்டையை நான்தான் வெல்டு வெச்சேன்" என்றார்.

சாமை மூட்டையும் புளி மூட்டையும் ஏற்றிவந்த வண்டி. பிரசவ வலியோடு பெண்களை இறக்கிக் கொண்டுவந்த வண்டி. அந்தச் சரித்திரத்தை ராவிப் போட்டுவிட்டு, மேலே ஒரு பொய்ச் சரித்திரம் பூசியிருக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு வேஷ ஜீப்புக்கும் ஒரு நிஜ ஜீப் பலியாகிறது.

ரோடில்லாத இடத்தில் ஓடும் வண்டி என்றால் என்ன என்று நம் அணைக்கட்டுப் பக்கத்து மலைகளுக்குத் தெரியும். 2023 மே மாதம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்து ஒரு பெண்குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறி நடந்தாள். ஒரு ஜீப் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே வேண்டியது சாலை. ஆனால் அந்த மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு, ரிசார்ட்டுக்குப் போகிற வண்டியை 'ஆஃப்ரோடர்' என்று காட்டும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பையனை மட்டும் திட்டினால் நியாயமில்லை. அரசாங்கத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. 2021இல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. ஐம்பது வயது நிரம்பியிருக்க வேண்டும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், கண்காட்சிக்கும் ராலிக்கும் தவிர வழக்கமாக ஓட்டக் கூடாது. பிரான்சில் முப்பது வயதானாலே சேகரிப்பு வண்டி என்று பதிந்து சாலையில் ஓட்டலாம். இங்கே நாற்பது வயது ஜீப்பை அப்படியே, ஒரு திருகாணி மாற்றாமல் காப்பாற்றுகிறவனுக்கு எந்த மரியாதையும் இல்லை. 2022 ஏப்ரல் முதல் பழைய காருக்கும் ஜீப்புக்கும் பதிவைப் புதுப்பிக்க 600 இருந்த கட்டணம் 5,000 ஆனதுதான் மிச்சம். 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வயதான அரசு வண்டிகளும் உடைப்புக்குப் போகின்றன. எத்தனை தாலுகா ஆபீஸ் ஜீப்புகள்! மாவட்டத்துக்கு ஒன்றையாவது, லாக் புத்தகத்தோடு நிறுத்திவைக்கக் கூடாதா?

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனை. முதலில் சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ராணுவ வண்டி என்றால் ஏலச் சான்றைக் கேளுங்கள். முன்னால் யார் வைத்திருந்தார், எங்கே ஓட்டினார் என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நசுங்கல் இருந்தால் இருக்கட்டும். புதுசு போல வேண்டுமென்றால் தார் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

"முன்னாடி இது என்ன கலர்ல இருந்தது?" என்று பேரன் டிரைவரைக் கேட்டான். "நீலம்" என்றார் அவர்.

"முதல்ல அந்த அம்பை அழி. அப்புறம் நீலம் அடி" என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிப் போனான். போன வாரமும் வந்திருந்தான். நட்சத்திரம் போயிருக்கிறது. அம்பும் பச்சையும் அப்படியேதான் இருக்கின்றன.