மன்றத்தின் பணம் மன்றத்தின் பெயரிலேயே இருக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர், பொருளாளர், கிராம இளைஞர் நற்பணி மன்றங்களின் கூட்டமைப்பு.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நகல்: மாவட்டப் பதிவாளர்; முன்னோடி வங்கி மேலாளர்; திட்ட இயக்குநர், மகளிர் திட்டம்.

பொருள்: சிறு இளைஞர் மன்றங்களின் வங்கிக் கணக்கு, கணக்கேடுகள், ஆண்டுக் கணக்குத் தாக்கல், தணிக்கை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

குளம் தூர்வாருவது, மாலை நேர இலவச வகுப்பு, ரத்ததான முகாம், பொங்கல் விளையாட்டுப் போட்டி என ஊர்ப் பொதுக் காரியங்கள் பலவற்றை முப்பது வயதைத் தாண்டாத பிள்ளைகள் நடத்தும் மன்றங்கள் இழுத்துப் போட்டுச் செய்கின்றன. அவற்றின் ஆண்டு வரவு சில ஆயிரங்களில் தொடங்கி ஓரிரு லட்சத்தோடு நின்றுவிடும். தொகை சிறிதானாலும் ஊரார் பணம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது தார்ப்பாய்க்கும் குடிநீருக்கும் வந்த உதவித் தொகை பல ஊர்களில் யாரோ ஒரு பையனின் சொந்தக் கணக்கில்தான் விழுந்தது. இன்றும் வசூல் நோட்டீஸில் அச்சாவது பொருளாளரின் ஜிபே எண்தான். அவர் வேலை கிடைத்துத் திருப்பூருக்கோ துபாய்க்கோ போனால் வரவு செலவு விவரமும் அவர் கைபேசியோடு போய்விடுகிறது. அதன்பின் ஊரில் எழும் பேச்சை நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மைக் குறைவு காரணமல்ல. ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, சங்கத்தின் பெயரில் பான் அட்டையும் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனால், சில கிளைகளில் “நடப்புக் கணக்குதான் தர முடியும்” என்கிறார்கள். அதற்குக் கேட்கும் குறைந்தபட்ச இருப்பு எங்கள் ஓராண்டு வசூலையே விழுங்கும், வட்டியும் கிடையாது. மாநிலச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்கள் சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே இடமிருக்கிறது. அதை எடுத்துச் சொன்னால் “மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறோம்” என்பதோடு பேச்சு முடிகிறது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: பதிவுபெற்ற இளைஞர் மன்றங்களுக்கு, இருவர் கூட்டுக் கையெழுத்துடன் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தருமாறு முன்னோடி வங்கி வழியாக எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மன்றத்தின் பெயரிலேயே கியூஆர் அட்டையும் தர வேண்டும். எங்கள் நிர்வாகிகள் படிப்பு, வேலை என்று அடிக்கடி மாறுகிறவர்கள். பதிவாளர் அலுவலகம் ஏற்ற, நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7இன் நகலைக் கொடுத்தால்தான் கையெழுத்தை மாற்றுவோம் என்று வங்கி சொல்கிறது. அந்த நகலோ எளிதில் கைக்கு வருவதில்லை. பதிவாளர் அலுவலகம் அந்த மாற்றத்தைப் பதிவு செய்து நகல் தருவதற்கு ஒரு காலவரம்பு வேண்டும்.

அடுத்தது கணக்கு எழுதப் பழகுவது. குளம் தூர்வாரும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் பங்க் தரும் டீசல் பில்லில் சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். ஜேசிபிக்காரர் பில்லே தருவதில்லை. டீசல் பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரோடு பின் செய்ய வேண்டும். வாடகைக்கு வவுச்சர் எழுதி, ரூ.5,000க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். படிப்பு உதவிக்கென்று வந்த பணத்தைக் கபடிப் போட்டிக்குத் திருப்பக் கூடாது. இதையெல்லாம் பத்தொன்பது வயதுப் பொருளாளருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அவர் வீட்டிலேயே இதைக் கற்றவர் இருக்கிறார். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு மூன்றையும் எழுத ஊர்ப் பெண்களைப் பழக்கியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த பேரேடு மகனுக்குத் தெரியவில்லை. அந்தப் பயிற்றுநர்களைக் கொண்டே, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மன்றப் பொருளாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தக் கோருகிறோம். புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை.

பயிற்சியில் அவசியம் சேர்க்க வேண்டியவை சில உண்டு. ரூ.2,000க்கு மேல் ரொக்கமாக நன்கொடை தருபவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது என்பது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பண விவகாரம் இன்னும் சிக்கல். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய பெரியப்பா அனுப்பினால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி மன்றம் முன்அனுமதியோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். இது தெரியாமல் திருவிழா உற்சாகத்தில் பணம் வாங்கிவிட்டால், நல்ல காரியம் செய்யப்போன பிள்ளைகள்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்கள்.

ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியது எங்கள் கடமை. அதில் விலக்கு கேட்கவில்லை. நிரப்பிக் காட்டிய மாதிரி வரவு செலவுக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் தமிழில் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். பல ஆண்டுகள் தாக்கல் செய்யாமல் முடங்கிய மன்றங்களுக்குத் தாலுகாவாரியாக ஒருமுறை சிறப்பு முகாம் வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் வரவுள்ள மன்றம் தணிக்கைக்கே அதில் பெரும்பங்கைக் கொடுக்கும் நிலை மாற, குறைந்த கட்டணத்தில் செய்ய முன்வரும் பட்டயக் கணக்காளர்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். அரசு கலைக் கல்லூரி பி.காம். மாணவர்கள் எங்கள் ஏடுகளைச் சரிபார்ப்பதை ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உள்ளகப் பயிற்சியாக ஏற்றால், மாணவர்களுக்கும் அனுபவம் கிடைக்கும்.

முதல் கோரிக்கைக்குச் செலவு ஏதுமில்லை; ஒரு சுற்றறிக்கை போதும். அதை, அடுத்து நடைபெறும் மாவட்ட அளவிலான வங்கியாளர் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, எங்கள் பிரதிநிதிகள் இருவரையும் அக்கூட்டத்துக்கு அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர் – செயலாளர் – பொருளாளர்

இணைப்பு: உறுப்பு மன்றங்களின் பதிவுச் சான்றிதழ் நகல்கள், பொதுக்குழுத் தீர்மான நகல்.