ஒரு கேபினை மாற்றத் தலைக்கு 75 டொலரா?

அப்பா அம்மாவின் 40ஆவது திருமண நாளுக்கு நாங்கள் 14 பேர் குரூஸ் போவதாக முடிவெடுத்தோம். ஃபோர்ட் லோடர்டேலில் கப்பல் ஏறி, ஏழு இரவுகள் கரீபியன் கடலைச் சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்குவது. மொத்தம் ஏழு கேபின். பதிவு செய்தது ஸ்காபரோவில் உள்ள ஒரு தமிழ் டிராவல்ஸில். நான் ஒன்லைனில் செய்கிறேன் என்றுதான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. ஊருக்குப் போக டிக்கெட் எடுத்த காலத்தில் இருந்தே அவருக்கு அந்த அங்கிளைத் தெரியும். "எங்கட ஆள் இருக்கேக்க ஏன் கொம்பியூட்டருக்குக் காசு குடுக்கிறாய்?"

பயணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது அம்மாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர்களுடைய கேபின் கப்பலின் முன் கோடியில், லிஃப்டில் இருந்து ஒரு தெருத் தூரம். அம்மம்மாவும் சித்தியும் இருக்கப் போகும் கேபின் அதற்கும் மேல் தளத்தில். அம்மம்மாவுக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றும். கப்பலில் அலை அதிகம் தெரிவது முன்னாலும் பின்னாலும் உயரத்திலும்தான். நடுப்பகுதியில் கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. ஆக இரண்டு கேபின்களை மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

அங்கிளுக்கு முன்னால் நானே போய் இருந்தேன். கப்பல் நிறுவனம் முகவர்களுக்குக் கொடுத்திருக்கும் தளத்தைத் திறந்தார். லிஃப்டுக்குக் கிட்ட நடுத்தளத்தில் இரண்டு கேபின்கள் இருந்தன, அதே வகை, அதே விலை. தெரிவு செய்தார், உறுதி செய்தார், அச்சடித்தார். தேநீர் ஆறுவதற்கு முன் வேலை முடிந்தது. பிறகு சொன்னார்: "மாத்திறதுக்கு ஆளுக்கு எழுபத்தைஞ்சு வரும் தம்பி. நாலு பேர், முந்நூறு டொலர்."

கப்பல்காரர் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவர்கள் ஒன்றும் எடுக்கவில்லை. "அது வேற தம்பி, இது எங்கட சேர்விஸ் சார்ஜ்."

பக்கத்தில் இருந்த அப்பா பர்ஸை எடுத்துவிட்டார்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் இப்படியொரு அங்கிள் இருப்பார். டிராவல்ஸ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ், அதுவும் இல்லாவிட்டால் மோர்ட்கேஜ். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். குரூஸ் பதிவில் முகவருக்குச் சம்பளம் கொடுப்பது கப்பல் நிறுவனம். கட்டணத்தில் 10 முதல் 16 சதவீதம் வரை கொமிஷன் போவது வழக்கம். வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் கொமிஷன் இல்லை. கட்டணத்திலேயே ஒரு பகுதிக்குக் கொமிஷன் கிடையாது என்று நிறுவனங்கள் ஒதுக்கி வைப்பதும் உண்டு. அதையெல்லாம் கழித்து ஒருவருக்கு 900 டொலர் மிஞ்சுகிறது என்று வையுங்கள். மிகக் குறைந்த 10 சதவீதம் போட்டாலும் 14 பேருக்கு 1,260 டொலர். அந்தக் காசு எதற்கு? பதிவு செய்வதற்கும், பயணம் முடியும்வரை அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்வதற்கும்.

கடைசிக் கட்டணத் தேதிக்கு முன், வைப்புப் பணம் திரும்பக் கிடைக்கும் வகைப் பதிவுகளில், கேபினை மாற்றக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாகக் காசு கேட்பதில்லை. வைப்புப் பணம் திரும்பாத மலிவு வகையில் கப்பலையோ தேதியையோ மாற்றினால் அபராதம் வரும். எங்களுடையது அந்த வகை இல்லை. அப்படியானால் நானே கப்பல் நிறுவனத்தைக் கூப்பிட்டு மாற்றலாமே? கூப்பிட்டும் பார்த்தேன். மிக மரியாதையாக, "உங்கள் பதிவு முகவரிடம் இருக்கிறது, அவர் மூலமாகத்தான் வரவேண்டும்" என்றார்கள். வீடு எங்களுடையது, திறப்பு அவரிடம். திறப்பு வைத்திருக்கிறவர் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் தலைக்கு 75 கேட்கிறார்.

ஏன் தலைக்கு? தளத்தில் மாறுவது கேபின் எண். அம்மா தனியாக ஒரு தடவை, அப்பா தனியாக ஒரு தடவை மாறுவதில்லை. வேலைக்குத்தான் கூலி என்றால் கேபினுக்கு இவ்வளவு என்று கேட்கவேண்டும். தலையை எண்ணுவது வேலையை அளப்பதற்கு இல்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. சாதாரணக் கேபினில் இருந்து பல்கனிக் கேபினுக்கு மாறினால் கட்டணம் கூடும், அதோடு முகவரின் கொமிஷனும் கூடும். அதற்கும் மாற்றக் கட்டணம் எடுப்பார்கள்! விலை இறங்கும்போது குறைந்த விலைக்கு மாற்றித் தரச் சொன்னால் கொமிஷன் குறையும். அப்போது தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை.

அங்கிள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. விமான டிக்கெட்டில் முகவர்கள் பிழைத்த காலம் முடிந்துவிட்டது. 1995இல் டெல்டா கொமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தது, 2002இல் அமெரிக்காவில் அடிப்படைக் கொமிஷனையே நிறுத்தியது, மற்றப் பெரிய நிறுவனங்களும் அதையே செய்தன. சேர்விஸ் சார்ஜ் என்ற பழக்கம் வேர்விட்டது அதற்குப் பிறகுதான். டிக்கெட்டுக்கு அவர் 40 டொலர் கேட்டால் நான் பேசாமல் கொடுப்பேன். ஆனால் குரூஸ் நிறுவனங்கள் கொமிஷனை நிறுத்தவில்லை. விமானத்தில் போன காசைக் கப்பலில் இரண்டு தடவை எடுப்பது என்ன கணக்கு?

நானும் மணித்தியாலத்துக்குக் காசு வாங்குகிறவன்தான். பாதி வேலையில் வாடிக்கையாளர் மனம் மாறினால் மாற்றக் கோரிக்கை என்று ஒரு படிவம் போட்டு அதற்கும் பில் அனுப்புவோம். வெட்கப்படவில்லை. ஆனால் அந்த விலைப்பட்டியலில் முதல் நாளே அவர் கையெழுத்து வைத்திருப்பார். வேலை முடிந்தபிறகு நான் ஒரு தொகையைச் சொன்னால் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்.

ஒன்டாரியோவில் சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. இங்கே டிராவல்ஸ் நடத்துகிறவர்கள் டிக்கோ என்கிற அமைப்பில் பதிந்திருக்கவேண்டும். ரத்து செய்வது பற்றிய நிபந்தனைகளையும், வாங்குகிறவரின் முடிவை மாற்றக்கூடிய மற்ற நிபந்தனைகளையும் காசு வாங்குவதற்கு முன்பே விளக்கவேண்டும். எழுத்தில் பில் தரவேண்டும். சினிப்ளெக்ஸ் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒன்லைனில் படம் பதியும்போது பின்னால் வந்து சேர்ந்த 1.50 டொலருக்காக, 2024 செப்டம்பரில் போட்டித் தீர்ப்பாயம் அவர்களுக்கு 38.9 மில்லியன் டொலருக்கு மேல் அபராதம் போட்டது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அது எல்லோரும் கட்டியே ஆகவேண்டிய கட்டணம், எங்களுடையது மாற்றம் கேட்டால் மட்டும் வருவது. இரண்டும் ஒன்றில்லை, தெரியும். ஆனாலும் விலையை முன்னால் சொல்லாமல் பின்னால் சொல்வது என்ற குணம் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து பில்லைத் தேடி எடுத்தேன். அப்பாவின் கையெழுத்து இருந்தது, கப்பல் நிறுவனத்தின் நிபந்தனைகள் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருந்தன. டிராவல்ஸின் மாற்றக் கட்டணம் பற்றி ஒரு வரி இல்லை. அங்கிளுக்கு மின்னஞ்சல் எழுதினேன்: இந்தக் கட்டணம் எங்கே எழுதியிருக்கிறது, தயவுசெய்து காட்டுங்கள். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் 300 டொலரும் திரும்பி வந்தது. விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

உங்கள் அப்பா அம்மா வைப்புப் பணம் கட்டப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பல்கலைக்கழகப் பரீட்சை என்றால் தொலைபேசியிலாவது இருங்கள். "பிறகு கேபின் மாத்தினா நீங்கள் எவ்வளவு எடுப்பியள், ஆளுக்கா கேபினுக்கா, விலை இறங்கினா மாத்தித் தருவியளா?" என்று தமிழிலேயே கேளுங்கள். பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றும் எடுக்காமல் மாற்றித் தருகிற முகவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். தொடக்கத்திலேயே இவ்வளவு என்று சொல்லி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அப்பா என்னோடு இரண்டு கிழமை சரியாகக் கதைக்கவில்லை. கோயிலில் அங்கிளின் மனைவியைக் கண்டால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று அம்மா கேட்டார். அம்மம்மா மட்டும் புதுக் கேபின் எத்தனையாம் தளம் என்று கேட்டுவிட்டு, காசு திரும்பி வந்ததா என்று இரண்டாம் தடவையும் விசாரித்தார்.