வாகைக்குப் பின்: பெங்களூர்த் தமிழரும் 1799-ஆம் ஆண்டுப் போரும்

போர் குறித்த நம் ஆய்வுகள் பெரும்பாலும் வாகையோடு நின்றுவிடுகின்றன. வென்றவர் யார், வீழ்ந்தவர் யார் என்று கூறியபின், அந்நிலத்தில் எவர் குடியேறினர், எவர் வரியிறுத்தனர், எவர் குதிரைக்குப் புல்லறுத்தனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. பெங்களூர்த் தமிழரைப் பற்றிய கட்டுரைகளில் இக்குறை வெளிப்படையானது.

அக்கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் தொடங்கி, ஒரே தாவலில் 1950-இல் தோன்றிய தமிழ்ச் சங்கத்தை அடைந்துவிடும். இடைக்காலம் முழுவதும் 'பிழைப்புத் தேடி வந்தனர்' என்னும் ஒரு தொடரில் கழிந்துவிடுகின்றது. கல்வெட்டு பெருமை தரும், புல்லுக்கட்டு தராது என்பது இதன் உட்கிடை போலும்.

அப்பிழைப்பு எவ்வாறு தோன்றிற்று? 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அவ்வாண்டு உடன்படிக்கைப்படி மைசூர் அரசு, ஆங்கிலேயப் படையின் செலவுக்காக ஆண்டுதோறும் 7 இலட்சம் நட்சத்திர வராகன் செலுத்த வேண்டியதாயிற்று. தோற்ற நாட்டின் வரியே அதனை அடக்கிவைத்த படைக்குச் சோறிட்டது. சீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலால் நலிவுற்ற அப்படை 1809-இல் அல்சூர் அருகே பெயர்க்கப்பட்டது. சென்னைப் படையைத் தொடர்ந்து சிப்பாய்களின் குடும்பத்தினர், குதிரைக்காரர், புல்லறுப்போர், சலவைத் தொழிலாளர், சமையற்காரர், கொத்தர், ஒப்பந்தக்காரர் எனத் தமிழர் பலர் வந்தனர். அவருள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நிலம் மறுக்கப்பட்டவர்க்குத் தண்டு கூலியைப் பணமாகத் தந்தது. தண்டு என்பது படை. கன்னடத்திலும் அஃதே பொருள். சிவாசிநகர்த் தண்டு மாரியம்மன் தன் பெயரிலேயே இவ்வரலாற்றைச் சுமந்து நிற்கின்றாள்.

1881-இல் மைசூர் ஆட்சி உடையார் மரபினரிடம் மீண்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேய ரெசிடெண்டின் கீழேயே நிறுத்தப்பட்டது. 1947 சூலையில்தான் அது மைசூர் அரசிடம் வந்தது. நகரும் தண்டும் ஒரே மாநகராட்சியானது 1949-இல். ஓரூரில் வாழ்ந்த இரு சாரார் மொழியால் மட்டுமன்றி ஆட்சியாலும் பிரிக்கப்பட்டிருந்தனர். 1991-ஆம் ஆண்டுக் காவிரிக் கலவரத்தையும், அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009-இல் திறக்கப்பட்டதையும் வெறும் மொழிப்பகையாக விளக்குவோர், படை வகுத்த இவ்வெல்லையை எண்ணிப்பார்ப்பதில்லை.

அயலார் படையோடு வந்தவர் என எழுதினால் 'வந்தேறி' என்னும் பழிக்கு நாமே சான்று அளித்தவராவோம் என அஞ்சுவாரும் உளர். இவ்வச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே, ஏற்கத்தக்கதன்று. கல்வெட்டுக் காட்டி உரிமை கோருவோர், அரசன் அளித்த கொடையின் நிழலில் நிற்கின்றனர். தண்டின் தெருக்களையும் கட்டடங்களையும் எழுப்பிய கொத்தனின் பேரனுக்கு அந்நிழல் எதற்கு? அவன் பாட்டனை மறைத்துச் சோழனை முன்னிறுத்துவது, அவனைக் காப்பதாகாது. இரண்டாம் முறை புறந்தள்ளுவதாகும்.

பெங்களூர்த் தண்டுப் பகுதித் தேவாலயங்களின் திருமண, அடக்கப் பதிவேடுகளையும், பழைய கல்லறைக் கற்களையும், வீட்டுமனைப் பத்திரங்களையும் முனைவர் பட்ட ஆய்வுக்களமாக ஏற்கத் தமிழ்த்துறைகள் இனியேனும் முன்வர வேண்டும். 'இஃது இலக்கியமன்று, வரலாற்றுத்துறைக்கு உரியது' என்று மறுப்போர், சொக்கநாதர் கோயிற் கல்வெட்டை மட்டும் எவ்வாறு தமிழ்த்துறைக்குள் அனுமதித்தனர் என்று கூறட்டும்.