மேல்பட்டமும் உத்தியோகமும்

சாப்ட்வேர் என்ஜினீயரிங்கில் மேல்பட்டம் வாங்கிவிட்டால் பிள்ளையின் வாழ்வு நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நிலத்தை ஈடு வைத்தும், நகையை விற்றும், பாங்கியில் கடன் பட்டும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புகிறார்கள். 2023-24ம் கல்வி ஆண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்களின் தொகை 3,31,602. சீன மாணவர்களின் தொகையையும் அது மிஞ்சிற்று. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மேல்பட்டப் படிப்பினர். கம்ப்யூட்டர் சாஸ்திரமும் கணிதமுமே அவர்கள் மிகுதியாக நாடிய துறை. படிப்பு முடிந்தபின் இவர்களுடைய கதி என்ன என்பதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

அமெரிக்கப் பட்டம் பெற்றவர் அங்கே தொழில் பழகுவதற்கு 12 மாத அனுமதி உண்டு. விஞ்ஞான, என்ஜினீயரிங் பட்டதாரிகளுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கலாம். அதற்கப்பால் வேலையில் நீடிக்கப் பெரும்பாலோர் நம்பியிருப்பது எச்-1பி அனுமதியையே. ஆண்டுக்கு 65,000 அனுமதிகள். அமெரிக்காவில் மேல்பட்டம் பெற்றோருக்கென இன்னும் 20,000. கேட்பவர்களோ பல மடங்கு. ஆகவே குலுக்கலே பல ஆண்டுகளாகத் தீர்ப்பளித்து வந்தது. 2025 செப்டம்பரில், புதிய மனு ஒன்றுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டுமென்று ஜனாதிபதி டிரம்ப் பிரகடனம் செய்தார். அங்கேயே படித்து அந்தஸ்து மாறுவோரை அது பாதிக்காது என்று பின்னர் விளக்கம் வந்தது உண்மையே. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், சம்பளம் உயர உயரக் குலுக்கலில் வாய்ப்பும் உயரும் என்று விதி செய்யப்பட்டது. நேற்றுப் பட்டம் பெற்ற இளைஞனுக்கு உயர்ந்த சம்பளம் எங்கிருந்து வரும்?

தன் பிரஜைகளுக்கு முதலிடம் கொடுக்க எந்தச் சர்க்காருக்கும் உரிமை உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பிறருடைய ஒரு கையெழுத்தினால் அடைபடக் கூடிய வழியை நம்பி, ஒரு குடும்பம் தன் ஆஸ்தி முழுவதையும் பணயம் வைப்பது விவேகமாகாது என்று கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

உள்நாட்டு நிலைமை எப்படி? 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் சிப்பந்திகளில் சுமார் நூற்றுக்கு இருவரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. சொன்னதைச் சொன்னபடி எழுதும் புரோகிராம் வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை அறிவு யந்திரங்களே இன்று செய்கின்றன. ஆயினும் முழு இருள் சூழ்ந்துவிடவில்லை. அயல்நாட்டுக் கம்பெனிகள் நம் நாட்டில் நடத்தும் தொழில் மையங்கள் 2024ல் 1,700க்கு மேற்பட்டிருந்தன; அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்தனர்.

இந்த மையங்களிலும் நிலைத்து நிற்கப் போகிறவர் யார்? 1968ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நிபுணர்கள் மாநாடு கூட்டியபோதுதான் சாப்ட்வேர் என்ஜினீயரிங் என்ற பெயர் பிரசித்தமாயிற்று. பெரிய புரோகிராம்கள் பிழை மலிந்து, காலம் கடந்து, செலவை மீறி வந்ததே அம்மாநாட்டின் கவலை. எதைச் செய்வது என்று தீர்மானித்தல், அமைப்பை வகுத்தல், சோதித்தல், பல ஆண்டு பழுதின்றிப் பராமரித்தல் ஆகியவையே இச்சாஸ்திரத்தின் சாரம். யந்திரம் எழுதியது சரியா என்று பொறுப்பேற்றுச் சொல்லவும் மனிதன் வேண்டும். இவற்றைக் கற்பிக்கும் மேல்படிப்புக்கு மதிப்புண்டு. பி.இ. பாடங்களையே மறுபடி ஒப்புவிக்கச் செய்யும் படிப்பு இரண்டு வருஷ வீண் செலவு. கலாசாலையில் ஆசிரியராக விரும்புவோருக்கு மேல்பட்டம் இன்றியமையாதது. மற்றவர்களுக்குத் திறமையே பிரதானம். ஸோஹோ கம்பெனி பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தானே பயிற்றி வேலையில் அமர்த்தி வருவதும், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலிருந்து உலகச் சந்தைக்கு வேலை செய்வதும் இதற்குச் சான்று.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கேட் பரீட்சையில் தேறி உள்நாட்டில் எம்.டெக். படிப்பவருக்கு உபகாரச் சம்பளம் நெடுங்காலமாக மாதம் 12,400 ரூபாயாகவே இருந்து வந்தது. வீட்டில் கற்பவனுக்குக் கை சுருக்கிவிட்டு, பிள்ளைகள் வெளிநாடு ஓடுகிறார்கள் என்று பிரலாபிப்பதில் நியாயமில்லை. உபகாரச் சம்பளத்தை உயர்த்துவதும், ஆராய்ச்சிக்கு வசதி செய்வதும் உடனே ஆகவேண்டிய காரியங்கள்.

இளைஞர்கள் பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். என்ன கற்பேன், கடன் எவ்வளவு, அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்தால் அக்கடனை இங்குள்ள சம்பளத்தில் அடைக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். விடை திருப்தியாயிருந்தால் தாராளமாகச் செல்லட்டும். இல்லையேல் இங்கேயே தொழிலைக் கற்றுத் தேறட்டும். இதுவே நமது அபிப்பிராயம்.