ராயபுரம் என்று நிமிர்ந்து சொல்லுங்கள்!

வெளியூரில் இருந்து உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். சென்னையைச் சுற்றிக் காட்ட வேண்டும். எங்கே அழைத்துப் போவீர்கள்?

மெரினா கடற்கரை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில். "செத்த காலேஜ்" என்று ஜனங்கள் பெயர் வைத்த எழும்பூர் மியூசியம். வண்டலூர் மிருகக் காட்சிச் சாலை. மாலையில் தியாகராயநகர் கடை வீதி.

அதோடு பொழுது போய்விடும். விருந்தாளியும் மூட்டை கட்டி விடுவார்.

ராயபுரத்துக்கு யாராவது அழைத்துப் போனது உண்டா?

"அங்கே என்ன இருக்கிறது? மீன் வாடையும் லாரிப் புகையும்தானே?" என்பார்கள்.

பிறர் சொன்னால் போகட்டும். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் கூட, "வீடு எங்கே?" என்று கேட்டால் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள். "பாரிமுனைக்குப் பக்கத்தில்" என்று மழுப்புகிறார்கள்.

அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. சென்னைப் பட்டணம் தன் கையாலும் காலாலும் உழைத்து எழுந்த இடங்களில் ராயபுரம் முக்கியமானது. அந்தக் கதை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. குறை அதுதான்.

பெயர் வந்த கதை

ராயபுரத்தில் ஒரு பழைய மாதா கோவில் இருக்கிறது. அது ஏசுநாதரின் சீடரான பேதுருவின் பெயரால் கட்டப்பட்டது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் பேதுருவை "ராயப்பர்" என்று அழைப்பார்கள். ராயப்பர் கோவில் இருக்கும் ஊர் ராயபுரம் ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம்.

பேதுரு யார்? கடலில் வலை வீசிய மீனவர். கடலை நம்பிப் பிழைத்த ஜனங்கள் அவரைத் தங்கள் காவலராகக் கொண்டதில் வியப்பு என்ன?

இந்தக் கோவிலைக் கட்டியவர்கள் ராஜாக்கள் அல்ல, ஜமீன்தார்கள் அல்ல, கவர்னர்களும் அல்ல. படகுக்காரர்கள் கட்டினார்கள். படகு ஓட்டிக் கிடைத்த கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி, மகமை சேர்த்து, 1829-ஆம் ஆண்டில் எழுப்பினார்கள்.

ஆணி இல்லாத படகு

அந்தப் படகுக்காரர்களின் வேலை என்ன தெரியுமா?

அக்காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. சீமையில் இருந்து வரும் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. தூரத்தில், கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் மலைபோல அலைகள் எழுந்து விழும்.

அந்த அலைகளைத் தாண்டி, கப்பலில் உள்ள சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டு வர வேண்டும். வெள்ளைக்காரர்களின் படகுகள் அந்த அலையில் உடைந்து போயின. நம்மவர்களின் மசூலா படகு உடையவில்லை.

காரணம், அந்தப் படகில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும். ஆகையால் உடையாது.

கடல் கொந்தளிக்கும் நாளில் படகும் போக முடியாது. அப்போது கட்டுமரக்காரர் கிளம்புவார். கப்பலுக்குப் போக வேண்டிய கடிதத்தைத் தண்ணீர் படாமல் தலையில் உள்ள தொப்பிக்குள் வைத்துக் கொண்டு போவார். அலை அவரைத் தூக்கி எறியும். அவர் நீந்திப் போய் மீண்டும் கட்டுமரத்தைப் பிடித்துக் கொள்வார். "கட்டுமரம்" என்ற நம் சொல்லையே ஆங்கிலேயர்கள் தங்கள் மொழியில் எடுத்துக் கொண்டார்கள்.

சென்னைக்கு வந்த கவர்னராக இருந்தாலும் சரி, கலெக்டராக இருந்தாலும் சரி, இந்தப் படகுக்காரர்களை நம்பித்தான் கரை ஏற வேண்டும். பட்டணத்தின் வியாபாரம் முழுவதும் இவர்கள் தோளில்தான் இறங்கியது.

1875-இல் துறைமுக வேலை தொடங்கியது. 1881-இல் வீசிய புயல் அதை உடைத்தது. மறுபடியும் கட்டினார்கள். துறைமுகம் உறுதியாக நின்ற பிறகு மசூலா படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் கடலோடு உள்ள உறவு விடவில்லை. இன்றைக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் கூவும் சத்தம் கேட்கிறது. சென்னையில் பல வீடுகளில் கொதிக்கும் மீன் குழம்பு இங்கிருந்துதான் புறப்படுகிறது.

தென்னாட்டின் முதல் ரெயில்

இனி, ராயபுரத்தின் பெரிய செல்வத்துக்கு வருவோம்.

இந்தியாவில் முதல் பிரயாணி ரெயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி பம்பாயில் இருந்து தானாவுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு கல்கத்தா பக்கத்தில் ஹவுராவில் இருந்து ரெயில் புறப்பட்டது.

மூன்றாவது எங்கே? நம் ராயபுரத்தில்!

1856-ஆம் ஆண்டு கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ரெயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை மாதம் 1-ந் தேதி முதல் பொதுமக்களுக்காக ரெயில் ஓடியது. ராயபுரத்தில் புறப்பட்டு வாலாஜா ரோடு வரை சென்றது. தூரம் சுமார் 100 கிலோ மீட்டர். மாட்டு வண்டியில் நாள் கணக்கில் போன பயணத்தைச் சில மணி நேரத்தில் முடிக்கலாம் என்பதைத் தென்னாட்டு ஜனங்கள் அன்றுதான் கண்டார்கள்.

1862-க்குள் இந்தப் பாதை நீண்டு, கோழிக்கோட்டுக்கு அருகில் உள்ள பேப்பூர் வரை போய்விட்டது. கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் ஓர் இரும்புக் கோடு இணைத்தது. அந்தக் கோட்டின் முதல் புள்ளி ராயபுரம்.

பிறகு 1873-இல் சென்டிரல் ரெயில் நிலையம் வந்தது. நாளடைவில் கூட்டமும் புகழும் அங்கே போயின. ராயபுரம் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பம்பாயில் முதல் ரெயில் புறப்பட்ட பழைய நிலையம் இன்று இல்லை. தானாவின் பழைய நிலையமும் இல்லை. ஹவுராவின் முதல் நிலையமும் இல்லை. ராயபுரம் நிலையம் மட்டும் நிற்கிறது! இந்தியாவில் இன்றும் நிலைத்து நிற்கும் ரெயில் நிலையக் கட்டிடங்களில் மிகப் பழையது இதுதான்.

உயர்ந்த தூண்கள், அகன்ற வாசல். பார்த்தால் அரண்மனை போல இருக்கும். இடையில் கவனிப்பார் இல்லாமல் பாழடைந்தது. 2005-இல் அதைப் புதுப்பித்தார்கள். அந்த அளவில் மகிழ்ச்சி.

கஞ்சித் தொட்டி

ராயபுரத்தையும் வண்ணாரப்பேட்டையையும் ஒட்டி ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. வயதான தாய்மார்களைக் கேட்டால் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது?

ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்த காலம். கிராமங்கள் அழிந்தன. பஞ்சம் வந்தது. பட்டினியால் வாடிய ஜனங்கள் பட்டணத்தை நோக்கி ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் ஒரு சத்திரம் ஏற்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு மருந்து கொடுக்க வைத்தியசாலை உண்டாயிற்று. அது வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரி ஆயிற்று. 1938-இல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது.

பசித்தவனுக்கு ஊற்றிய ஒரு குவளைக் கஞ்சியில் இருந்து ஒரு கல்லூரி முளைத்திருக்கிறது! எந்திரத்தில் சிக்கி நசுங்கிய தொழிலாளர்களின் கைகளைச் சரி செய்யும் சிகிச்சையில் இந்த ஆஸ்பத்திரி நாட்டுக்கே வழி காட்டியது. உழைப்பாளிகள் வாழும் வட சென்னையில் இதை விடப் பொருத்தமான தொண்டு வேறு என்ன?

பக்கத்திலேயே ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரியும் இருக்கிறது. இதைப் படிக்கும் குடும்பங்களில் எத்தனை பேரின் முதல் அழுகுரல் அங்கே கேட்டதோ!

நெருப்புக் கோவில்

பாரசீக நாட்டில் இருந்து நெடுங்காலத்துக்கு முன்பு இந்தியாவுக்கு வந்தவர்கள் பார்சிகள். நெருப்பின் முன் நின்று கடவுளை வணங்குவார்கள். அவர்களில் சில குடும்பங்கள் சென்னையில் குடியேறின. ராயபுரத்தில் 1910-இல் அவர்களுடைய நெருப்புக் கோவில் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு உள்ள கோவில் அது ஒன்றுதான்.

மாதா கோவில் மணி ஓசை கேட்கும் தூரத்தில் நெருப்புக் கோவில். அதே ராயபுரத்தில் அங்காள பரமேசுவரி கோவில். பள்ளிவாசல்களும் உண்டு. யாரும் யாரையும் "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டு விரட்டவில்லை. வந்தவர்களை எல்லாம் ராயபுரம் ஏற்றுக் கொண்டது.

மழையில் நடந்த கூட்டம்

ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா என்று ஒரு பூங்கா. 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கொட்டும் மழையில் அங்கே ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் அது. மேடையில் நின்று பேசியவர் அறிஞர் அண்ணா. 18 ஆண்டுகள் சென்றன. 1967-இல் அவர் முதல்-அமைச்சர் ஆனார். பூங்காவும் பின்னர் அவர் பெயரைப் பெற்றது.

நீங்கள் எந்தக் கட்சியை ஆதரித்தாலும் சரி, எந்தக் கட்சியும் வேண்டாம் என்றாலும் சரி, தமிழ்நாட்டின் சரித்திரத்தில் ஒரு திருப்பம் அந்தப் புல் தரையில் நடந்தது என்பதை மறுக்க முடியாது.

"பழைய கட்டிடம் சோறு போடுமா?"

இப்படி ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான்.

குழாயில் நல்ல தண்ணீர் வரவேண்டும். கழிவு நீர் தெருவில் ஓடக்கூடாது. இளைஞர்களுக்கு வேலை வேண்டும். லாரிகள் நெரிக்கும் சாலையில் குழந்தைகள் பயம் இல்லாமல் பள்ளிக்கூடம் போக வேண்டும். இவை முதலில் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

ஆனால் இதைச் செய்தால் அதைச் செய்ய முடியாது என்று யார் சொன்னது?

ராயபுரத்தில் வெளியூர் ரெயில்கள் புறப்படும் பெரிய நிலையம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. அமையட்டும். வட சென்னை மக்கள் சென்டிரலுக்கும் எழும்பூருக்கும் பெட்டி படுக்கையோடு அலைவது குறையும். கடைகள் பெருகும். பலருக்குப் பிழைப்பு கிடைக்கும்.

ஆனால் அதற்காகப் பழைய கட்டிடத்தின் மேல் ஒரு கடப்பாரை கூட விழக்கூடாது. ரெயில்வேக்கு அங்கே ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கிறது. புதிய நிலையம் அந்த நிலத்தில் எழும்பட்டும். பழைய நிலையம் அதற்கு முகப்பாக நிற்கட்டும். தாத்தாவுக்கு மரியாதை கொடுத்துக் கொண்டே பேரன் வீடு கட்டுவதில்லையா?

ஒரு கட்டிடத்தை இடிக்க ஒரு வாரம் போதும். அதன் வயதைத் திருப்பிக் கொண்டு வர எந்தச் சர்க்காராலும் முடியாது.

செய்ய வேண்டியவை

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

முதலாவது: இந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். நல்ல தமிழில், பெரிய எழுத்தில், நாலு வரி போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரும் படித்துப் புரிந்து கொள்ள வேண்டும்.

இரண்டாவது: ரெயில் நிலையத்தின் பழைய மண்டபத்தில் ஒரு சிறிய கண்காட்சி அமைக்கலாம். பழைய ரெயில், பழைய டிக்கெட், மசூலா படகின் மாதிரி ஆகியவற்றை வைக்கலாம்.

மூன்றாவது: வட சென்னையில் உள்ள பள்ளிக்கூடங்கள் ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய் இவற்றைக் காட்ட வேண்டும். பஸ் கூட வேண்டாம். நடந்தே போகலாம்.

பெற்றோர்களும் சும்மா இருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு கிளம்புங்கள். ரெயில் நிலையத்தின் தூண்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாதா கோவிலைக் காட்டி, அதைக் கட்டியவர்கள் கூலிக்குப் படகு ஓட்டியவர்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் கஞ்சித் தொட்டிக் கதையை அவர் வாயால் கேட்கச் செய்யுங்கள்.

அரண்மனையும் கோட்டையும் மட்டும் சரித்திரம் அல்ல. துடுப்புப் பிடித்த கையும், தண்டவாளம் சுமந்த தோளும், பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய அகப்பையும் சரித்திரம்தான். அது ராயபுரத்தில் தெருத் தெருவாகக் கிடைக்கிறது.

அதை அறிந்த பிள்ளை, நாளைக்கு வேலை கேட்டுப் போகும் இடத்தில், "எந்த ஊர்?" என்று கேட்டால் மழுப்பாது.

"ராயபுரம்!" என்று சொல்லும். நிமிர்ந்து சொல்லும்.